பிரித்து வைத்தால்தான் மறுபடி பயன்படும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் துண்டு துண்டாகக் கைபேசித் திரைக்கு வந்து சேர்வதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது ‘யார் யாருடையதை எடுத்துக்கொண்டார்’ என்ற சண்டையிலேயே முடிந்துவிடுகிறது. சண்டை தேவைதான். ஆனால் எடிட்டிங் அறையிலும் காப்பகத்திலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதற்கு முன்பே வேறொரு தலைவலி இருக்கிறது. உரிமையாளரே தன் படைப்பை மறுபடி பயன்படுத்த முடியாத நிலையில் வைத்திருக்கிறார். படம், எழுத்து, பேச்சு, இசை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கூழாகக் காய்ச்சி ஊற்றிவிட்டு, ஒப்பந்தக் காகிதத்தை எங்கோ தொலைத்துவிட்டு, ‘இதை ஷார்ட்ஸ் ஆக்கு, இதை வேறு மொழிக்கு மாற்று’ என்றால் கூழிலிருந்து அரிசியைப் பொறுக்கச் சொல்வது போலத்தான்.

ஒரு காலத்தில் மறுபயன்பாடு என்றாலே நாடாவை அழித்து அதன்மேல் வேறொன்றைப் பதிவது என்றுதான் பொருள். 1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இரண்டு அங்குல வீடியோ டேப் விலை கூடியது. ஒளிபரப்பி முடித்த நிகழ்ச்சியை மறுபடி காட்டும் உரிமையோ சொற்பம். பிபிசி 1960, 70-களில் ஏராளமான நிகழ்ச்சிகளை அழித்தது இந்தக் கணக்கில்தான். அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது பதிவான மூல நாடாக்கள்கூட அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009-இல் சொன்னது. நாம் இன்று பார்க்கும் தெளிவான காட்சி, ஒளிபரப்புப் பிரதிகளில் எஞ்சியதைச் சீர்செய்து எடுத்தது. இன்று யாரும் டேப்பை அழிப்பதில்லை, எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறார்கள். விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை.

நிகழ்ச்சி முடிந்து மாஸ்டர் என்ற இறுதிப் பிரதியை எடுக்கும் நாளிலேயே சில எக்ஸ்போர்ட்டுகளைக் கூடுதலாக எடுத்து வைத்தால் பிற்பாடு வரும் பாதிச் சிக்கல் தீரும். முதலாவது, எழுத்தில்லாப் படம்: டைட்டில், பெயர்ப்பட்டை, சானல் சின்னம், ஓடும் செய்தி எதுவுமே இல்லாத சுத்தமான பிரதி. அடுத்தது ஒலி. வசனம், இசை, சிறப்பொலி மூன்றையும் தனித்தனிக் கோப்பாக, படத்தின் அதே டைம்கோடில் (ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஓடும் நேர எண்ணில்) தொடங்கி அதே நீளத்தில் முடியுமாறு எடுக்க வேண்டும். டப்பிங்குக்கு இசையும் சிறப்பொலியும் மட்டும் சேர்ந்த கலவை வேண்டும். அது இல்லாததால்தான் மொழிமாற்றத்தில் காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் காணாமல் போய், பாத்திரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பேசுவது போலக் கேட்கிறது. சப்டைட்டிலைப் படத்தில் பொறிக்காமல் நேரக்குறியுடன் தனிக் கோப்பாக வைக்க வேண்டும். கிராபிக்ஸ் கோப்பை அதன் எழுத்துருவோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய தமிழ்ப் பெயர்ப்பட்டையைப் பத்தாண்டு கழித்துத் திறந்தவர்களுக்குத் தெரியும், வருவது தமிழ் அல்ல, ஏதோ சங்கேத மொழி.

எழுத்தில்லாப் படத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், நெட்டுவாக்குத் திரை. 16:9 அகலப் படத்திலிருந்து முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு 9:16 சட்டகம் வெட்டினால் மிஞ்சுவது அகலத்தில் சுமார் 32 விழுக்காடு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். பெயர்ப்பட்டையின் நடுத்துண்டு மட்டும் தொங்கும், சின்னம் பாதியாக நறுக்கப்படும். இரண்டு பேர் பேசும் காட்சியில் நடுவே வெட்டினால் கிடைப்பது இருவருக்கும் இடையிலுள்ள சுவர். முகத்தைத் தானாகத் தேடிப் பின்தொடரும் மென்பொருள்கள் பேசுபவரை ஓரளவு பிடித்துவிடும். பேசாமல் முகத்தால் பதில் சொல்பவரைப் பிடிக்காது. நாடகக் காட்சியில் பல நேரம் பார்க்க வேண்டியவர் அவர்தான். ஆகவே இந்த வேலையைக் கருவியிடம் முழுதாக ஒப்படைக்காமல், ஷாட் ஷாட்டாக ஒரு எடிட்டர் சட்டகத்தை நகர்த்தி வைப்பதே சரி.

பெரிய ஸ்டூடியோக்களும் ஓடிடி தளங்களும் இந்தப் பிரித்துவைக்கும் முறையைத் தரமாகவே ஆக்கிவிட்டன. சினிமா, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான ஸ்மிப்டி வகுத்த ஐஎம்எஃப் (இன்டராப்பரபிள் மாஸ்டர் ஃபார்மட்) என்ற முறையில் படத்தடம், ஒலித்தடங்கள், சப்டைட்டில் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். எது எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்வது ஒரு சிறிய பட்டியல் கோப்பு. ஒரு நாட்டுக்கு ஒரு காட்சி மாறினால் முழுப் படத்தையும் மறுபடி உருவாக்க வேண்டாம். மாறிய அந்தச் சில வினாடிகளையும் புதிய பட்டியலையும் அனுப்பினால் போதும். ஐஎம்எஃப் கருவி இல்லாத சிறிய நிறுவனமும் இதே ஒழுங்கை வெறும் கோப்புறைகளிலும் தெளிவான கோப்புப் பெயர்களிலும் கடைப்பிடிக்கலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘உண்மையான ஃபைனல்’ என்று பெயர் வைப்பவர்களுக்கு எந்தத் தரமும் உதவாது என்பது வேறு விஷயம்.

இனி, ஏற்கெனவே கூழாகிப்போன பழைய டேப்புகள். இங்கேதான் கண்கூடாகத் தவறு நடக்கிறது. தவறு என்று தெரியாமலேயே நடக்கிறது.

பழைய தொலைக்காட்சிப் படம் இன்டர்லேஸ் முறையில் உருவானது. வினாடிக்கு 25 ஃப்ரேம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 50 ஃபீல்டுகள். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில் எடுத்தவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில் எடுத்தவை. இதை அப்படியே கணினித் திரையில் காட்டினால் அசையும் பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலத் தெரியும். பலர் அவசரத்தில் செய்வது என்னவென்றால், அந்தச் சீப்போடு படத்தைப் பெரிதாக்கி எச்டி கோப்பாக்கிவிடுகிறார்கள். அதோடு கதை முடிந்தது. வரிகளைப் பெரிதாக்கும்போது இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. வரிசை எப்போதும் இதுதான்: முதலில் ஃபீல்டு பிரிப்பு, பிறகு அளவு மாற்றம்.

பிரிக்கும்போது 25 ஃப்ரேமாகச் சுருக்கினால் அசைவில் பாதி போய்விடும்; விளையாட்டும் நடனமும் தத்தித் தத்தி ஓடும். ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக வளர்த்து வினாடிக்கு 50 ஃப்ரேம் எடுத்தால் அன்று வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்த வழுவழுப்பு அப்படியே கிடைக்கும். இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஐஎஃப் வடிகட்டியே இதற்குப் போதும். நேரம் அதிகம் பிடித்தாலும் பரவாயில்லை என்றால் க்யூடிஜிஎம்சி என்ற நிரல் இன்னும் நன்றாகச் செய்யும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 720 வரிக்குக் குறைந்த அளவுகளில் யூடியூப் 50 ஃப்ரேம் காட்டுவதில்லை, பாதியாக்கிவிடும். ஆகவே ஃபீல்டு பிரித்த 4:3 படத்தை 1440×1080 அளவுக்கு உயர்த்திப் பதிவேற்ற வேண்டும். தெளிவு கூடும் என்பதற்காக இப்படி உயர்த்துவதில்லை, அசைவு தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஃபீல்டு வரிசை தவறினால் நடப்பவர் ஓர் அடி முன்னும் அரை அடி பின்னுமாக நடுங்குவார். டி.வி. (DV) என்ற டிஜிட்டல் வீடியோ கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். எச்டி பதிவில் மேல் ஃபீல்டு முதலில். கோப்பின் தலைப்பில் எழுதியிருப்பதை நம்பாமல், கையசைக்கும் காட்சி ஒன்றை ஃபீல்டு ஃபீல்டாக நகர்த்திப் பார்த்துத் தீர்மானிப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் ஃபீல்டு பிரிப்பு செய்வதும் தவறுதான். படச்சுருளிலிருந்து டேப்புக்கு மாற்றிய படங்களில், 25 ஃப்ரேம் முறையில், இரண்டு ஃபீல்டும் ஒரே ஃப்ரேமிலிருந்து வந்தவை. அதைப் பிரித்தால் சும்மா இருக்கும் தெளிவைக் கெடுத்ததுதான் மிச்சம். 29.97 ஃப்ரேம் முறையிலோ, சுருளின் 24 ஃப்ரேமை 3:2 என்ற கணக்கில், ஒரு ஃப்ரேமுக்கு மூன்று ஃபீல்டு, அடுத்ததற்கு இரண்டு என்று, பரப்பியிருப்பார்கள். ஐந்து ஃப்ரேமில் இரண்டில் மட்டும் சீப்புப் பல் தெரிந்தால் அதுதான் அடையாளம். இதற்கு மருந்து அந்தப் பரப்பலைத் திருப்பி 24-க்குக் கொண்டுவருவது.

25 ஃப்ரேம் முறையில் இன்னொரு வஞ்சகம் உண்டு. வினாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25-இல் ஓட்டியிருப்பார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். குரலும் பாட்டும் ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் மேலே போயிருக்கும். இதைச் சரிசெய்வது எளிது, படத்தை 24-இல் ஓட்டி ஒலியையும் அதற்கேற்ப 96 விழுக்காடு வேகத்துக்கு இழுத்தால் போதும். அதற்கு முன், அந்தப் படத்தின் பாட்டை இசைத்தட்டோடு ஒப்பிட்டுச் சுருதி பார்க்க வேண்டும். சில மாற்றங்களில் வேகம் கூட்டும்போதே சுருதியை இறக்கிச் சரிசெய்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் இன்னொரு முறை இறக்கினால் பாடகருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும்.

முகம் ஒல்லியாவதும் குண்டாவதும் தனிக் கதை. எச்டிக்கு முந்தைய 720×576 எஸ்டி படத்தின் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. அதைச் சதுரம் என்று எடுத்துக்கொண்டால் 4:3 படம் 5:4 ஆகி எல்லாரும் மெலிந்துவிடுவார்கள். 4:3-ஐ 16:9-க்கு இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடி ஊதிப்போவார்கள். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டினாலோ படத்தின் கால்பங்கு போகும், பெரும்பாலும் தலையிலும் நடனக் காலிலும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவதுதான் நேர்மையான வழி. கறுப்புப் பட்டையைப் பார்த்தால் ரசிகர் கோபிப்பார் என்று மார்க்கெட்டிங் பிரிவினர் சொல்வதை எந்த ரசிகரும் சொல்லிக் கேட்டதில்லை.

வெளுத்த கறுப்பும் இதே குடும்பத்துப் பிழைதான். வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணும் 8 பிட் வீடியோவில் கறுப்பு 16-இலும் வெள்ளை 235-இலும் இருக்கும். கணினிப் படத்தில் 0-வும் 255-உம். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் இரவுக் காட்சி சாம்பல் பூத்துப்போகும், அல்லது நிழலுக்குள் இருந்ததெல்லாம் மறைந்துபோகும்.

ஒலியளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஒளிபரப்புத் தரம் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). யூடியூப் மைனஸ் 14-க்கு மேல் உரத்து ஒலிப்பதைக் குறைக்கும், தாழ்ந்ததை உயர்த்தாது. ஒளிபரப்பு மாஸ்டரை அப்படியே ஏற்றினால் பக்கத்து வீடியோவைவிட 9 டெசிபல் மங்கலாகக் கேட்பது இதனால்தான். சும்மா 9 டெசிபல் தூக்கினால் உச்ச ஒலிகள் வெட்டுப்படும். ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரில் உண்மை உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தித் தூக்க வேண்டும். வசனம் தனித்தடமாக இருந்தால் இசையைக் கொஞ்சம் அடக்கிக் கைபேசியின் சிறு ஒலிபெருக்கிக்கென்றே ஒரு கலவை செய்யலாம்.

அடுத்தது காகிதம். இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்: செய்திகளில் ‘காப்புரிமை மீறல்’ என்று எழுதப்படுகிறது. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குத் தரும் பேட்டன்ட். படத்துக்கும் பாட்டுக்கும் உள்ளது பதிப்புரிமை. இரண்டுக்கும் சட்டமும் வேறு, காலமும் வேறு.

ஒளிபரப்பும் உரிமை இருந்தால் இணையத்தில் வைக்கும் உரிமையும் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பார்ப்பவர் தான் விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில் எடுத்துப் பார்க்கும்படி ஒரு படைப்பைக் கிடைக்கச் செய்வதையும் படைப்பாளியின் உரிமைக்குள் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் 1996-ஆம் ஆண்டு பதிப்புரிமை உடன்படிக்கை வெளிப்படையாகச் சேர்த்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களில் இப்படியொரு பயன்பாட்டை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மிகவும் சிக்குவது இசை. மெட்டும் பாடல் வரியும் ஒருவருடையது, ஒலிப்பதிவு இன்னொருவருடையது. இருவரிடமும் அனுமதி வேண்டும். நிகழ்ச்சியில் ஒலித்த ஒவ்வொரு இசைத்துண்டுக்கும் தலைப்பு, இசையமைப்பாளர், உரிமையாளர், எந்த நிமிடத்திலிருந்து எவ்வளவு நேரம், பின்னணியா காட்சிக்குள் ஒலிப்பதா என்று எழுதிய இசைப்பட்டியல் இருந்தால், எதை வாங்குவது, எதை மாற்றுவது என்று ஒரு நாளில் முடிவு செய்யலாம். பட்டியல் இல்லை, ஒலியும் பிரிக்கப்படவில்லை என்றால், ஒரு பாட்டுக்காக ஒரு காட்சியின் வசனத்தையே ஊமையாக்க வேண்டிவரும். இப்போது குரலையும் இசையையும் பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன, உண்மைதான்; ஆனால் இசை உரத்த இடத்தில் வசனத்தின் மெய்யெழுத்துகள் கரைந்துபோகின்றன.

மறுபயன்பாட்டுக் கூலி புதிய பிரச்சினை அல்ல. திரைப்படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும்போது பங்கு வேண்டும் என்று ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் 1960-இலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். 2007-08-இல் எழுத்தாளர்கள் இணையப் பங்குக்காக நின்றார்கள். 2023-இல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் நின்றபோது, நடிகரின் உருவத்தையும் குரலையும் எண்ணியல் நகலாக்குவதற்கு ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பதும் ஒப்பந்தத்துக்குள் வந்தது. திரை மாறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. எந்தத் திரை, எந்த நாடு, எத்தனை ஆண்டு, வெட்டலாமா, மொழி மாற்றலாமா, கருவிகளுக்குப் பயிற்சித் தரவாகக் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதிய ஒப்பந்தமே பின்னாளில் பயன்படும். ‘எல்லா ஊடகங்களிலும்’ என்ற ஒற்றை வரியை நம்பி உட்கார்வது வழக்கறிஞர்களுக்கு மட்டுமே லாபம்.

பிறர் நம்முடையதைப் பயன்படுத்துவதைக் கண்காணிக்க யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு 2007-இலிருந்து இருக்கிறது. உரிமையாளர் ஒரு மாதிரிக் கோப்பு கொடுப்பார். பொருந்தும் வீடியோ வந்தால் தடுக்கலாம், விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பலாம், அல்லது சும்மா எண்ணிக்கை பார்க்கலாம். முழுச் செய்தி நிகழ்ச்சியையும் மாதிரியாகக் கொடுக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. அதற்குள் அரசு வெளியிட்ட காட்சி, இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்கிய துண்டு, பலருக்கும் உரிமம் தந்த நூலக இசை எல்லாம் இருக்கும். இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஆய்வூர்தி செவ்வாயில் இறங்கிய காட்சியை நாசாவே தன் பக்கத்தில் போட்டபோது, அதே காட்சியைத் தன் செய்தியில் பயன்படுத்திய ஓர் ஊடக நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரப்பட்டு நாசாவின் வீடியோ முடங்கியது. எடுத்துக் கொடுத்தவரையே திருடனாக்கிய இந்த வேடிக்கை தவிர்க்கக்கூடியது. மாதிரியில் நமக்கு மட்டுமே உரிமையுள்ள பகுதிகளைத் தவிர மற்றவற்றை நேரக்குறி கொடுத்து விலக்கி வைக்கும் வசதி அந்த அமைப்பிலேயே இருக்கிறது. உரிமை இல்லாத நாடுகளையும் நீக்க வேண்டும். பொருந்தும் நீளம் மிகக் குறைவாக இருந்தால் தானாகத் தடுக்காமல் மனிதர் பார்வைக்கு அனுப்பும்படி விதி வைக்கலாம். விமர்சனத்துக்காகவோ மேற்கோளாகவோ எடுத்த பத்து வினாடியையும் முழுப் படத்தைத் திருடியதையும் இயந்திரம் ஒரே தராசில் நிறுக்கும். மேற்கோள் காட்டும் உரிமையை, பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவே அனுமதிக்கிறது.

பூட்டி வைப்பதைவிடத் திறந்து விடுவதில் பயன் கண்டவர்களும் உண்டு. அல் ஜசீரா 2009-இல் காஸா காட்சிகளைப் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. பழைய செய்திப்படக் காப்பகமான பிரிட்டிஷ் பாத்தே 2014-இல் தன் 85,000 செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியது. காட்சியைத் தேடி வருபவர் மூலத்தின் வாசலுக்கே வந்துவிடுவதால், உயர்தரப் பிரதிக்கு உரிமம் விற்பதும் எளிதாகிறது.

கடைசியாக, டிஜிட்டல் ஆக்கிவிட்டோம் என்று மூலத்தைத் தூக்கிப் போடுபவர்களுக்கு. அரை அங்குல வீடியோ டேப் இயந்திரங்களின் விற்பனையை சோனி 2016-இல் நிறுத்திவிட்டது. ஓடும் இயந்திரமும் அதைப் பழுது பார்ப்பவரும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். ஆகவே டேப்பை மாற்றும் வேலையைத் தள்ளிப்போட முடியாது. மாற்றும்போது இழப்பில்லாத எஃப்எஃப்வி1 போன்ற முறையில், ஃபீல்டுகளைத் தொடாமல், சுத்தம் எதுவும் செய்யாமல் ஒரு பிரதி எடுக்க வேண்டும். சீர்செய்வதெல்லாம் அதன் நகலில். படச்சுருள் அப்படியல்ல, சரியான குளிரிலும் ஈரப்பதத்திலும் வைத்தால் நாளை வரும் ஸ்கேனருக்கும் அது கொடுக்க ஏதாவது வைத்திருக்கும். 35 மிமீ சுருளை முழுச் சட்டகமாக 4கே, 10 பிட்டில் ஸ்கேன் செய்தால் ஒரு ஃப்ரேம் சுமார் 51 எம்பி. 150 நிமிடப் படத்தில் 2,16,000 ஃப்ரேம், மொத்தம் 11 டெராபைட். தரவு சேமிக்கும் காந்த நாடாவான எல்டிஓ-வின் எட்டாம் தலைமுறை (எல்டிஓ-8) நாடா ஒன்றில் அடங்கும். இரண்டு பிரதி, இரண்டு வேறு ஊர்களில், ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் செக்சம் எண்ணோடு. எல்டிஓ-9 இயந்திரம் எல்டிஓ-8 வரைதான் படிக்கும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்கு மாற்றுவதையும் செலவுக் கணக்கில் இப்போதே எழுத வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பழைய படம் ‘4கே தரத்தில்’ மறுபடி வெளியாகிறது என்ற அறிவிப்பு வந்தால், எதிலிருந்து எடுத்தது என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும்: மூல நெகட்டிவா, தியேட்டர் பிரிண்டா, டேப்பா? எஸ்டி டேப்பின் ஒரு ஃப்ரேமில் 4,14,720 பிக்சல். 4கே திரையில் 82,94,400. சரியாக இருபது மடங்கு. டேப்பிலிருந்து பெரிதாக்கிய படத்தில் இருபதில் பத்தொன்பது பிக்சல் மென்பொருள் ஊகித்தது. அந்த ஊகத்தில் கண்ணிமையும் பல்வரிசையும் கடைப் பலகை எழுத்தும் புதிதாக முளைத்திருக்கும்.

இப்படிக்கு,
படத்தொகுப்பிலும் காப்பகப் பணியிலும் இருக்கும் வாசகர்கள்